போக்கரில் அடித்து ஆடப் பழகுவது எப்படி?

போக்கருக்குப் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆடத் தொடங்குகிறார்கள். கையில் வந்த இரண்டு சீட்டைப் பார்ப்பார்கள். அடுத்தவர் வைத்த பந்தயத்துக்குச் சமமாகத் தாங்களும் வைப்பார்கள். நடுவில் விரியும் சீட்டு கைகொடுக்குமா என்று காத்திருப்பார்கள். கைகொடுக்காவிட்டால் சீட்டைக் கீழே போட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பார்கள். இப்படி ஆடுகிறவருக்கு ஜெயிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு: கடைசியில் சீட்டைத் திருப்பிக் காட்டும்போது அவருடையது உசத்தியாக இருக்க வேண்டும். அடித்து ஆடுகிறவருக்கு, அதாவது தானே முன்வந்து பந்தயம் வைத்தும் உயர்த்தியும் ஆடுகிறவருக்கு, இன்னொரு வழியும் இருக்கிறது. அவர் வைக்கும் பந்தயத்தைப் பார்த்தே எதிராளி விலகிக்கொள்ளலாம். அப்போது அவர் கையில் என்ன சீட்டு இருந்தது என்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் இந்த இரண்டாவது வழியை எங்கே திறப்பது, எங்கே மூடி வைப்பது என்பதைப் பற்றியவைதான்.

நான் எடுத்துக்கொள்வது பந்தயத்துக்கு உச்ச வரம்பு இல்லாத நோ-லிமிட் டெக்ஸாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகை, ஆறு பேர் உட்காரும் மேசை. ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று, ஸ்ட்ரெயிட் (அடுத்தடுத்த ஐந்து சீட்டு), ஃபிளஷ் (ஒரே இனத்து ஐந்து சீட்டு) என்னும் வரிசை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் முதலில் மூன்று சீட்டு விரியும், அது ஃபிளாப். பிறகு ஒன்று டர்ன், இன்னொன்று ரிவர். சீட்டுப் பார்ப்பதற்கு முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட். பந்தயத்துக்கு ஈடுகட்டுவது கால், உயர்த்துவது ரெய்ஸ், விலகுவது ஃபோல்ட், பந்தயம் வைக்காமல் தள்ளிவிடுவது செக். நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தத் தொகை பாட். இவ்வளவு போதும்.

எங்கே பழகுவது?

இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்காடல் அதில் எடுபடாது. போக்கரும் ரம்மியும் சேர்ந்தே அடிபட்டன. ஆகவே தொலைபேசியில் பணம் கட்டிப் பழகலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்குப் பணம் தேவையும் இல்லை. ஆறு பேர், ஒரு சீட்டுக்கட்டு, ஒரு படி புளியங்கொட்டை இருந்தால் போதும். ஆளுக்கு 200 கொட்டை கொடுங்கள். சிறிய பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2. இதில் ஒரு சிக்கல் உண்டு. கொட்டைக்கு மதிப்பில்லை என்பதால் எல்லாரும் எல்லாப் பந்தயத்துக்கும் கால் செய்வார்கள்; புளஃப் (நல்ல கை இல்லாமலே பந்தயம் வைத்து மிரட்டுவது) எதுவும் எடுபடாது. முதலில் கொட்டை தீர்ந்தவர்தான் அன்றைக்கு எல்லாருக்கும் டீ போட வேண்டும், டம்ளரையும் கழுவி வைக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். ஆட்டம் உடனே மாறிவிடும்.

முதல் படி: இடத்தைப் பார்த்துக் கையைத் தேர்ந்தெடுப்பது

அடித்து ஆடுவது என்றதும் எல்லாக் கையிலும் புகுந்து கொட்டையைத் தள்ளுவது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஆடுகிறவர்தான் முதலில் டீ போடப் போவார். புதியவருக்கு ஏற்றது குறைவான கைகளில் இறங்கி, இறங்கிய கைகளில் முன்கை எடுத்து ஆடும் முறை. ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்: கை மோசமாக வந்தால் ஆரம்பத்திலேயே டிராப் சொல்லிக் குறைந்த புள்ளியோடு தப்பிக்கும் அந்தப் பழக்கம் இங்கேயும் அப்படியே வேண்டும். போக்கரில் ஆட்டம் தொடங்கும் முன்பே விலகுவதற்குப் பிளைண்ட் இடங்களைத் தவிர வேறெங்கும் செலவே கிடையாது.

எந்தக் கையில் இறங்கலாம் என்பதை முடிவு செய்வதில் சீட்டுக்கு இணையாக நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் பங்கு உண்டு. ஃபிளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக முடிவெடுப்பவர் பட்டன் இடத்தில் (சீட்டுப் போடுபவரின் இடம், சிறிய பிளைண்டுக்கு முந்தையது) இருப்பவர். மற்றவர்கள் செக் செய்தார்களா, பந்தயம் வைத்தார்களா, தயங்கினார்களா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் முடிவெடுக்கிறார். பெரிய பிளைண்டுக்கு அடுத்து உட்கார்ந்து முதல் ஆளாகப் பேச வேண்டியவருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அவருக்குப் பின்னால் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள்.

இரண்டு சீட்டில் அமையக்கூடிய கைகள் மொத்தம் 1,326. முதலில் பேசும் இடத்தில் 6-6 முதல் மேலே உள்ள ஜோடிகள், ஒரே இனத்தில் ஏஸ்-10 முதல் ஏஸ்-ராஜா வரை, இனம் வேறானாலும் ஏஸ்-ஜாக்கி முதல் ஏஸ்-ராஜா வரை, ராஜா-ராணி எந்த இனமானாலும், ஒரே இனத்தில் ராஜா-ஜாக்கி, ராணி-ஜாக்கி, ஜாக்கி-10 ஆகியவை போதும். எண்ணிப் பார்த்தால் 134 கைகள், அதாவது பத்தில் ஒன்று. பத்து ஆட்டத்தில் ஒன்பதில் விலகுவது சலிப்பாகத்தான் இருக்கும். இந்தச் சலிப்பைத் தாங்க முடியாதவருக்கு மற்றப் படிகள் எதுவும் உதவாது.

பட்டனில் இருக்கிறீர்கள், உங்களுக்கு முன் எல்லாரும் விலகிவிட்டார்கள் என்றால் கதவைத் தாராளமாகத் திறக்கலாம். எல்லா ஜோடிகளும், ஏஸ் உள்ள எந்தக் கையும், ஒரே இனத்தில் ராஜா உள்ள எந்தக் கையும், பத்தோ அதற்கு மேற்பட்டதோ ஆன எந்த இரண்டு சீட்டும், ஒரே இனத்தில் 10-9 முதல் 5-4 வரையான அடுத்தடுத்த சீட்டுகளும் சரி. கூட்டினால் 422 கைகள். சுமார் 32 சதவீதம். பழகப் பழக இதை 40 சதவீதம் வரை கொண்டுபோகலாம். இடைப்பட்ட இடங்களுக்கு இடைப்பட்ட அளவு. அதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

போக்கர் வரலாற்றில் ஒரு கை இந்தப் படியைக் கற்றுக்கொள்கிறவர்களைக் கெடுத்திருக்கிறது. அமெரிக்க ஆட்டக்காரர் டாய்ல் பிரன்சன் 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். இரண்டு முறையும் அவருடைய கடைசிக் கை 10-2. அதனால் என்ன சீட்டு வந்தாலும் துணிச்சல் இருந்தால் போதும் என்று பலர் முடிவு கட்டிக்கொண்டார்கள். அந்த இரண்டு ஆட்டத்திலும் ஃபிளாப் விரிந்தபோது பிரன்சன் பின்தங்கித்தான் இருந்தார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அவரைப் போல ஆட ஆசைப்படுங்கள். 10-2 வந்தால் மட்டும் கீழே போட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: இறங்கினால் ரெய்ஸ்

முதல் ஆளாக ஆட்டத்தில் இறங்கும்போது பெரிய பிளைண்டுக்குச் சமமாக 2 கொட்டை மட்டும் வைத்து நுழைவது லிம்ப் எனப்படும். அதை இன்றோடு விட்டுவிடுங்கள். இறங்கத் தகுந்த கை என்றால் ரெய்ஸ் செய்யத் தகுந்த கை. ரெய்ஸ் செய்ய மனம் வராத கை என்றால் ஃபோல்ட். கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கி 2019இல் வெளியிட்ட புளூரிபஸ் என்னும் கணினி நிரல், ஆறு பேர் மேசையில் தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்றது. அது மனிதர்களின் ஆட்டத்தைப் பார்த்துக் கற்றதல்ல. தனக்குத் தானே ஆடிக் கற்றது. அப்படியும் சிறிய பிளைண்டைத் தவிர வேறெங்கிருந்தும் லிம்ப் செய்வது நல்லதல்ல என்ற அதே முடிவுக்குத்தான் அதுவும் வந்து சேர்ந்தது.

காரணம் எளிது. இரண்டு ஏஸ் கையில் இருக்கிறது. எதிரே ஒரே ஒருவர், ஏதோ ஒரு கையுடன். கடைசிவரை போனால் நீங்கள் ஜெயிக்க 85 சதவீத வாய்ப்பு. எதிரே ஐந்து பேர் வந்துவிட்டால் அதே ஏஸ் ஜோடிக்கு 49 சதவீதம்தான். ஆட்டத்தின் மிக உயர்ந்த கையே கூட்டம் சேர்ந்தால் இப்படிக் கரைகிறது. ரெய்ஸ் கூட்டத்தைக் கலைக்கிறது.

எவ்வளவு ரெய்ஸ்? பெரிய பிளைண்டைப் போல இரண்டரை மடங்கு, அதாவது 5 கொட்டை. நல்ல கைக்கு 8, சுமாரான கைக்கு 4 என்று மாற்றி மாற்றி வைத்தால் மேசையில் இருக்கும் கொஞ்சம் புத்தியுள்ளவர் அரை மணி நேரத்தில் உங்களைப் படித்துவிடுவார். எந்தக் கை என்றாலும் அளவு ஒன்றே.

பட்டனிலிருந்து 5 வைக்கிறீர்கள். இரண்டு பிளைண்டிலும் சேர்ந்து இருப்பது 3. இருவரும் விலக வேண்டும் என்ற ஒரே நம்பிக்கையில் ஆடினால் எட்டில் ஐந்து முறை, அதாவது 62.5 சதவீதம் அவர்கள் விலகினால்தான் கைக்காசு தேறும். ஆனால் அவர்கள் கால் செய்தாலும் உங்கள் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. ஃபிளாப் இருக்கிறது, கடைசியாகப் பேசும் வசதியும் இருக்கிறது. அதனால் உண்மையில் தேவைப்படும் அளவு இதைவிடக் குறைவு.

மூன்றாம் படி: ஃபிளாப்பில் தொடர்ந்து அடிப்பது

இங்கேதான் ஆட்டம் ருசிக்கத் தொடங்குகிறது. புதியவர்கள் அதிகம் இழப்பதும் இங்கேதான்.

பட்டனில் உங்களுக்கு ஏஸ்-ராணி, வேறு வேறு இனம். 5 வைத்தீர்கள். சிறிய பிளைண்ட் விலகினார், பெரிய பிளைண்ட் கால் செய்தார். பாட் 11. ஃபிளாப்: ராஜா, 7, 2, மூன்றும் வேறு வேறு இனம். எதிராளி செக் செய்கிறார். உங்களுக்கு ஒன்றும் அமையவில்லை. ஆனாலும் 4 கொட்டை வையுங்கள்.

ஏன் என்று கணக்குப் பாருங்கள். 11ஐ அள்ளுவதற்காக 4 வைக்கிறீர்கள். 15இல் 4, சுமார் 27 சதவீதம் தடவை எதிராளி விலகினாலே உங்களுக்கு நட்டமில்லை. ஜோடி சேராத இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பில் ஜோடியாவது அமைவது மூன்றில் ஒரு முறைதான். ராஜா, 7, 2 போல ஒன்றோடொன்று ஒட்டாத ஃபிளாப்பில் ஸ்ட்ரெயிட்டுக்கோ ஃபிளஷுக்கோ காத்திருக்கவும் அவருக்கு வழியில்லை. முதலில் ரெய்ஸ் செய்தவர் நீங்கள் என்பதால் ஏஸ்-ராஜா, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி போன்ற கைகள் உங்களிடம் இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்பது அவருக்கும் தெரியும்.

இப்போது ஃபிளாப்பை மட்டும் மாற்றுங்கள்: 9, 8, 6, அதில் இரண்டு இஸ்பேட். கையில் அதே ஏஸ்-ராணி. இங்கே பேசாமல் செக் செய்யுங்கள். பெரிய பிளைண்டிலிருந்து கால் செய்தவரிடம் 10-7, 8-7, 9-8, 6-6 போன்ற கைகள் நிறைய இருக்கும். விலகுவதற்குப் பதிலாக அவர் திருப்பி அடிப்பார். ஆகவே பந்தயம் வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, “இந்த ஃபிளாப் யாருடைய கைகளுக்கு அதிகமாகப் பொருந்துகிறது?” என்பதுதான். உங்களுக்கு என்ன அமைந்தது என்பது அதற்குப் பிறகு.

எதிரே இரண்டு பேரோ மூன்று பேரோ கால் செய்து வந்திருந்தால், ஒன்றும் அமையாத கையோடு அடிக்காதீர்கள். ஒருவர் விலகுவதும் மூவரும் விலகுவதும் ஒன்றல்ல.

ஃபிளாப்பில் நீங்கள் வைத்த 4க்கு எதிராளி கால் செய்துவிட்டார் என்றால் டர்னில் மறுபடியும் அடிப்பதா? அடுத்து விரிந்த சீட்டு அவரைப் பயமுறுத்தக்கூடியதாக இருந்தால், அல்லது உங்கள் கைக்குப் புதிய வாய்ப்பைத் திறந்தால், அடியுங்கள். ராஜா, 7, 2க்குப் பிறகு இன்னொரு 7 வந்தால் எதுவும் மாறவில்லை. 7 வைத்திருந்தவர் பலமடைந்திருக்கிறார், அவ்வளவுதான். அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

நல்ல கைக்கு நல்ல விலை

அடித்து ஆடுவது என்றாலே புளஃப் என்று எண்ணிப் பழகுகிறவர்கள் ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள். உண்மையாகவே பலமான கை வந்ததும் எதிராளியைப் பயமுறுத்திவிடக் கூடாது என்று பதுங்குகிறார்கள். செக் செய்து பொறி வைக்கிறார்களாம். கணக்கு வேறு கதை சொல்கிறது.

பாட் 11. உங்களிடம் மூன்று 7. ஃபிளாப்பில் 8 வைக்கிறீர்கள், எதிராளி கால் செய்கிறார், பாட் 27. டர்னில் 20, கால், பாட் 67. ரிவரில் 50, கால். எதிராளியிடமிருந்து வந்தது 78 கொட்டை. இப்போது ஃபிளாப்பில் பதுங்கியதாக வைத்துக்கொள்வோம். டர்னில் 8, ரிவரில் 20. வந்தது 28. ஒரே ஒரு சுற்று செக் செய்ததற்கு விலை 50 கொட்டை. நோ-லிமிட் ஆட்டத்தில் பந்தயம் பாட்டை ஒட்டியே வளர்வதால் முதல் சுற்றில் விட்டது கடைசிச் சுற்றில் பல மடங்காகத் தெரியும். மேசையில் எதற்கும் விலகாமல் கால் செய்துகொண்டே இருப்பவர் ஒருவர் இருந்தால் இது இன்னும் பொருந்தும். அவரிடம் புளஃப் அறவே வேண்டாம். நல்ல கையோடு மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக வையுங்கள்.

நான்காம் படி: அரைப் புளஃப்

இப்போதைக்குச் சீட்டு அமையவில்லை, ஆனால் அடுத்த சீட்டில் அமையக்கூடும் என்ற நிலையில் அடிப்பது அரைப் புளஃப். எதிராளி விலகினால் பாட் உங்களுடையது. விலகாவிட்டாலும் வாய்ப்பு இருக்கிறது. வெறும் புளஃபைவிட இதைப் பழகுவதே புதியவருக்குப் பாதுகாப்பு.

கைவசம் வைத்துக்கொள்ள ஓர் எளிய கணக்கு: உங்களுக்கு உதவக்கூடிய சீட்டுகளை எண்ணுங்கள். இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டுமென்றால் நான்கால் பெருக்குங்கள். ஒன்றுதான் என்றால் இரண்டால். ஃபிளஷுக்கு ஒரு சீட்டு குறைகிறது என்றால் உதவும் சீட்டு 9. ஃபிளாப்பில் இருந்து பார்த்தால் சுமார் 35 சதவீதம், டர்னில் இருந்து 20க்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு 8 சீட்டு. நடுவில் ஒன்று மட்டும் குறையும் ஸ்ட்ரெயிட்டுக்கு 4. அதை நம்பிப் பெரிதாக இறங்கக் கூடாது.

இதற்கு நான் காட்டும் பாடம் 2003 உலகத் தொடர் முதன்மைப் போட்டியின் இறுதிக்கட்டத்தில் நடந்த ஒரு கை. லாஸ் வேகஸில் 839 பேர் கலந்துகொண்ட போட்டி. முதல் பரிசு 25 லட்சம் டாலர். மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரரான சாம் ஃபார்ஹா. மற்றவர் டென்னஸியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர். ‘பணம் பண்ணுபவர்’ என்று பொருள்படும் அந்தப் பெயர் அவருடைய சொந்தப் பெயர்தான், புனைபெயர் இல்லை. மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் 7ம். ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஆட்டின் 9ம். ஃபிளாப்: இஸ்பேட் 9, டைமண்ட் 2, இஸ்பேட் 6. ஃபார்ஹாவுக்கு 9 ஜோடி, மணிமேக்கருக்கு ஒன்றுமில்லை.

டர்னில் இஸ்பேட் 8. இப்போது மணிமேக்கரின் கையைப் பாருங்கள். நடுவிலுள்ள 9, 8, 6உடன் தன்னுடைய 7ஐச் சேர்த்தால் பத்தோ ஐந்தோ வந்தால் ஸ்ட்ரெயிட். நடுவில் மூன்று இஸ்பேட், கையில் ராஜா. இன்னொரு இஸ்பேட் வந்தால் ஃபிளஷ். அவருக்குத் தெரிந்தவரை உதவும் சீட்டுகள் 15, காணாத சீட்டுகள் 46. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. ஃபார்ஹா பந்தயம் வைத்தார். மணிமேக்கர் ரெய்ஸ் செய்தார். ஃபார்ஹா கால் செய்தார். இதுவரை நடந்தது அரைப் புளஃப்.

ரிவரில் ஆட்டின் 3. எதுவும் அமையவில்லை. ஃபார்ஹா செக் செய்ய, மணிமேக்கர் தன்னிடம் இருந்த மொத்தத்தையும் உள்ளே தள்ளினார். ஃபார்ஹா நெடுநேரம் யோசித்தார். கடைசியில் ஜெயித்திருக்கக்கூடிய 9 ஜோடியைக் கீழே போட்டார்.

எல்லாரும் அந்தக் கடைசித் தள்ளலைத்தான் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தள்ளலுக்கு உயிர் கொடுத்தது டர்னில் செய்த ரெய்ஸ்தான். மூன்றாவது இஸ்பேட் விரிந்த நொடியில் ரெய்ஸ், பிறகு ரிவரில் மொத்தத் தொகை: ஃபிளஷ் அமைந்தவர் எப்படி ஆடுவாரோ அப்படியே இருந்தது அந்த ஆட்டம். டர்னில் பேசாமல் கால் செய்துவிட்டு ரிவரில் திடீரென்று பாய்ந்திருந்தால் ஃபார்ஹா அவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டார். புளஃப் செய்யும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: உண்மையாகவே அந்தப் பெரிய கை இருந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இதே போலத்தான் ஆடியிருப்பேனா?

ரிவரில் எவ்வளவு அடிக்கடி புளஃப் செய்யலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. பாட் அளவுக்குப் பந்தயம் வைக்கிறவர் இரண்டு நல்ல கைக்கு ஒரு புளஃப் என்ற விகிதத்தில் ஆடினால், கால் செய்வதா வேண்டாமா என்று எதிராளியால் கண்டுபிடிக்க முடியாது. பாட்டில் பாதி வைத்தால் மூன்று நல்ல கைக்கு ஒரு புளஃப். புதியவர்கள் இதற்கும் கீழேயே இருப்பது நல்லது.

ஐந்தாம் படி: ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ்

மேலே சொன்னவை கையில் படிந்த பிறகு இதற்கு வாருங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் 5 என்று ரெய்ஸ் செய்கிறார். நீங்கள் பட்டனில் இருந்தால் 15 என்றும், பிளைண்டில் இருந்தால் 20 என்றும் திருப்பி அடிப்பது த்ரீ-பெட். பிளைண்டில் அளவு கூடுவதற்குக் காரணம், ஃபிளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டிய இடம் உங்களுடையது; எதிராளிக்கு மலிவாக ஃபிளாப்பைக் காட்டக் கூடாது.

தொடக்கத்தில் ராணி, ராஜா, ஏஸ் ஜோடிகளும் ஏஸ்-ராஜாவும் போதும். மொத்தம் 34 கைகள். இவற்றோடு மட்டும் த்ரீ-பெட் செய்தால், நீங்கள் அடித்ததும் மேசையே காலியாகும். எனவே சில புளஃப் கைகளையும் கலக்க வேண்டும். அதற்கு ஒரே இனத்து ஏஸ்-5, ஏஸ்-4 ஆகியவை பொருத்தமானவை, எட்டுக் கைகள். ஏன் இவை? உங்கள் கையில் ஒரு ஏஸ் இருக்கும்போது எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கக்கூடிய வழிகள் 6இலிருந்து 3 ஆகக் குறைகின்றன. ஏஸ்-ராஜா 16இலிருந்து 12 ஆகிறது. உங்களைத் திருப்பி அடிக்கக்கூடிய கைகளையே உங்கள் சீட்டு அடைத்துவிடுகிறது. கால் செய்தாலும் ஃபிளஷ், ஸ்ட்ரெயிட் வாய்ப்புகள் இருக்கின்றன. எதிராளி அதற்கும் மேலே நான்காவது முறை உயர்த்தினால் ஏஸ்-5ஐ யோசிக்காமல் போட்டுவிடுங்கள். அந்தக் கை வந்த வேலை முடிந்தது.

நிறுத்தத் தெரிவது

அடித்து ஆடுகிறவருடைய கொட்டைகள் கரைவது பெரும்பாலும் நிறுத்தத் தெரியாததால்தான். டர்னிலோ ரிவரிலோ நீங்கள் வைத்த பந்தயத்துக்கு மேல், அதுவரை சாதுவாக இருந்தவர் ஒருவர் ரெய்ஸ் செய்கிறார் என்றால் அவரிடம் பலமான கை இருக்கிறது. புதியவர்கள் மேசையில் இது ஏறக்குறைய எப்போதும் உண்மை. உங்களிடம் ஏஸ் ஜோடியே இருந்தாலும் அங்கே விலகலாம். இவ்வளவு நேரம் நீங்கள்தான் அடித்தீர்கள் என்பதற்காகக் கடைசிவரை அடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உங்களைவிட வேகமாக அடிப்பவர் மேசையில் இருந்தால் முடிந்தவரை அவருக்கு இடப்பக்கம் உட்காருங்கள். அவர் முதலில் பேசட்டும், நீங்கள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அவரிடம் நல்ல கையோடு இருக்கும்போது மட்டும், முன் சொன்னதற்கு மாறாக, செக் செய்து அவரையே அடிக்க விடுவதில் லாபம் உண்டு. கையிருப்பு 40 கொட்டைக்கும் கீழே போனவரைப் புளஃபால் விரட்டுவது கடினம். இழப்பதற்கு அவரிடம் அதிகம் இல்லை.

ஒரு பெரிய ஆட்டத்தை இழந்த உடனே அடுத்த கையில் பாய வேண்டும் என்று கை பரபரக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு ஆட்டம் தள்ளி வந்து உட்காருங்கள்.

பழகும் முறை

எல்லாப் படிகளையும் ஒரே நாளில் பழகப் பார்க்காதீர்கள். முதல் சில அமர்வுகளில் இறங்கும் கைகளையும் ரெய்ஸையும் தவிர வேறெதையும் மாற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு இரண்டு கட்டம் போடுங்கள். விருப்பப்பட்டுக் கொட்டை வைத்து இறங்கிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் கட்டத்தில் ஒரு கோடு. அதை ரெய்ஸோடு தொடங்கியிருந்தால் இரண்டாவது கட்டத்திலும் ஒரு கோடு. அமர்வு முடிந்ததும் இரண்டையும் ஒப்பிடுங்கள். முதல் கட்டத்தில் 20 கோடும் இரண்டாவதில் 7ம் இருந்தால் நீங்கள் இன்னும் கால் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். 20க்கு 15 என்று வந்தால் ஃபிளாப் படிக்குப் போகலாம். மொத்தம் ஆடிய 60 ஆட்டத்தில் முதல் கட்டத்திலேயே 40 கோடு விழுந்திருந்தால் இரண்டாவது கட்டத்தைப் பார்க்கவே வேண்டாம். முதல் படிக்குத் திரும்பிப் போங்கள்.

ஃபிளாப் படியைப் பழகும்போது ஆட்டம் கூட வேண்டாம். சீட்டைக் கலைத்து மூன்று மூன்றாக விரித்துப் போடுங்கள். ஒவ்வொரு மூன்றுக்கும், பட்டனிலிருந்து ரெய்ஸ் செய்தவருக்கு இது பொருந்துமா, பெரிய பிளைண்டிலிருந்து கால் செய்தவருக்குப் பொருந்துமா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் காரணமும் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு துணை இருந்தால் நல்லது. இருவரும் ஒத்துப்போகாத ஃபிளாப்புகளை மட்டும் தனியே எழுதி வைத்து அடுத்த முறை மேசையில் உட்காரும்போது எல்லாரிடமும் கேட்டுப் பாருங்கள்.